அயலார்க்கு ஒரு வீடு

தமிழில் 'அயல்' என்பது வியத்தகு சொல். அண்டையிலிருப்பதும் அயல், தொலைவிலுள்ள பிறநாடும் அயல். அடுத்த வீட்டாரையும் அயலார் என்கின்றோம். கடல் கடந்து வந்தாரையும் அயலார் என்கின்றோம். வகுப்பில் இச்சொல்லை ஆராய்ந்தபோது, ஒரு சொல் இரு பொருள் தருதற்கு எடுத்துக்காட்டு என்று ஏட்டில் குறித்துக்கொண்டதோடு யாம் அமைந்துவிட்டோம். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், எம் ஊராகிய திருப்பூரில் ஒருவர்க்கு வீடு தேடித் தரும்பொருட்டு மூன்று நாள் தெருத்தெருவாக நடந்த பின்னரே, அவ்விரு பொருளுக்கும் இடையே எத்துணைத் தொலைவு கிடக்கின்றதென்பது சிறிது புலனாயிற்று.

திருப்பூரை அறியாதார் இலர். 1932-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கையிற் பிடித்த கொடியை விடாது அடியுண்டு மாய்ந்த குமரனால் ஏடுகளிலும், பனியனால் எல்லார் உடம்பிலும் விளங்கும் ஊர் அது. இந்திய நாட்டினின்றும் ஏற்றுமதியாகும் பருத்திப் பின்னலாடையிற் பாதிக்கு மேற்பட்டது நொய்யலின் இரு கரையிலிருந்தே செல்கின்றது. வெளிநாட்டு வணிகர் குற்றங்கண்டு தள்ளியனவும், ஆர்டருக்கு மேல் மிஞ்சியனவும் காதர்பேட்டைக் கடைகளில் வந்து குவியும். அவற்றை மலிவாகக் கொண்டு கப்பலேற்றும் பொருட்டு நைஜீரியா நாட்டு வணிகர் பல்லாண்டுகளாக எம் ஊர்க்கு வருகின்றனர். ராயபுரத்தில் அவருட் பலர் குடியிருந்தும் வந்துள்ளனர். அவர்களைக் காணாது யாம் வளர்ந்திலேம். ஆயினும், பத்தொன்பது ஆண்டில் அவருள் ஒருவரோடேனும் ஒரு வார்த்தை பேசியதுமில்லை.

யாம் இங்குக் கூறப்புகுந்தவர் எம் ஆலயத்தின் கடைசிப் பெஞ்சில் ஞாயிறுதோறும் வந்தமர்பவர். நைஜர் ஆற்றங்கரையிலுள்ள ஒனிட்ஷா என்னும் வாணிக நகரத்தார். தாம் இருந்த வீட்டை உரிமையாளர் விற்கப்போவதாகச் சொல்லிப் பதினைந்து நாளிற் காலி செய்யச் சொன்னதாகவும், வேறு வீடு வேண்டுமென்றும் போதகரிடம் கூறினார். அன்று ஆலயத்தில் வீடுகள் உடையார் பலர் இருந்தனர். அவர்க்குத் துணையாக அனுப்பப்பட்டோர், ஆங்கிலம் அறிந்தோம் என்ற காரணத்தால், வீடில்லாத யாமே.

வீடு பார்ப்பதென்றால் நம்மவர் நோக்குவன எவை? நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கொருமுறை வரும், முன்பணம் எவ்வளவு, பஸ் நிறுத்தம் அணித்தோ என்பன. இவரோ சமையலறையை எட்டியும் பார்த்திலர். தெருமுனையில் நின்று, பெருஞ்சாலையிலிருந்து வாயில்வரை எத்தனை திருப்பம் என்று விரலால் எண்ணினார். விளக்குக் கம்பம் எரிகின்றதா என்று வினவினார். தேநீர்க் கடை இரவு எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று எம்மைக் கேட்டுவரச் சொன்னார். காரணம் கேட்டோம். "மூன்று திருப்பமுள்ள சந்தில் இரண்டாவது திருப்பத்தில் நடப்பதை ஒருவரும் காணார். தேநீர்க் கடை இருந்தால் என் முகத்தை அறிந்தவன் ஒருவன் இருப்பான். அவன் எனக்கு நண்பனாக வேண்டுவதில்லை, அறிந்தவனாயிருந்தாற் போதும்" என்றார். புதுத் தெருவிற் குடிபுகுந்தால் முதல் வாரம் முழுதும் ஒரே கடையில், ஒரே நேரத்தில், இரண்டு வாழைப்பழம் வாங்குவது அவர் வழக்கமாம். பழத்தின்மேல் அவர்க்கு அத்துணை விருப்பமில்லை.

இத்துணை எச்சரிக்கை எதற்கு என்று எமக்கு முதலிற் சிறிது மனத்தாங்கலே உண்டாயிற்று. எம் ஊர் அப்படிப்பட்ட ஊரோ? அவர் எம் ஊரைக் குறை கூறினாரல்லர். 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் தில்லியில், ஆட்டோ ஒன்றைப்பற்றிய சொற்பூசலிற் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டதையும், 2017-ஆம் ஆண்டு மார்ச்சில் பெரிய நொய்டாவில் நைஜீரிய மாணவர் கும்பலால் தாக்கப்பட்டதையும் மட்டும் சொன்னார். அவை நிகழ்ந்த காலத்து யாம் சிறுவர்; அவர்க்கோ தாய் ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் அழைத்து, "கதவைத் தாழிட்டாயா?" என்று கேட்டனராம்.

முதல் நாள் கண்ட வீடு காதர்பேட்டைக்கு அணித்தாய் ஒரு குடோனின் மாடியில் இருந்தது. காற்றோட்டமும் வெளிச்சமும் உடையது, வாடகையும் குறைவு. எமக்கு மிகவும் பிடித்திருந்தது. அவரோ, குடோனை இரவிற் பூட்டிச் சென்றபின் கீழே யார் இருப்பர் என்றார். ஒருவருமிலர் என்றோம். "கள்வர்க்குப் பாதுகாப்பான வீடு" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

இரண்டாவது வீட்டுக்காரர் தாமே முன்வந்து கொடுப்பதாகச் சொன்னார். ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் எழுத்தும் வேண்டாம், போலீசுக்கு அறிவித்தலும் வேண்டாம் என்றார். அயல்நாட்டார்க்கு இடங்கொடுப்போர் அதனை அரசுக்கு அறிவித்தல் வேண்டுமென்பது சட்டம். விசாக் காலம் கடந்து தங்கினமைக்காக அயல்நாட்டார் சிலர் திருப்பூரிற் கைதானதும் உண்டு. ஆதலின், போலீசு என்றால் இவரும் அஞ்சுவர் என்றே யாம் எண்ணினோம். எம் எண்ணம் பிழையாயிற்று. தம் பைக்குள்ளிருந்து கடவுச்சீட்டின் நகலை எடுத்துக் காட்டி, தம் பெயர் ஸ்டேஷன் ஏட்டில் ஏறாத வீடு தமக்கு வேண்டாம் என்று உறுதியாகக் கூறிவிட்டார். "ஏட்டில் இல்லாதவன் காணாமற்போனாற் தேடுவார் யார்?" என்பது அவர் வினா. தாளைத் தாழாகக் கொண்ட ஒருவரை யாம் அன்றுதான் கண்டோம்.

தரகர்க்காகக் காத்திருந்தபோது ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். உம்மவர் பிறர் நாட்டில் வாழ்ந்ததுண்டோ என்று அவர் வினவ, எமக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது. இலங்கை, மலேயா என்று தொடங்கி, மேற்கிந்தியத் தீவுகள்வரை சென்றோம். பிரெஞ்சுக்காரர் 1848-ஆம் ஆண்டில் அடிமை முறையை ஒழித்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி, புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோயினர். 1853-இல் மார்த்தினிக்கிலும், 1854-இல் குவாதலூப்பிலும் தமிழர் முதன்முதல் இறங்கினர். எங்கே குடியிருப்பது என்று அவரை ஒருவரும் கேட்டிலர். தோட்டத்துரை காட்டிய கொட்டிலே வீடு. இலங்கை மலைநாட்டில் அத்தகைய வரிசை வீடுகட்கு 'லயம்' என்று பெயர். எம் திருப்பூரில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை 'லைன் வீடு' என்கின்றோம். இரண்டும் ஓர் ஆங்கிலச் சொல்லின் பிள்ளைகள். இதனை யாம் பெருமிதத்தோடு விளக்கிக்கொண்டிருக்க, அவர் வேறொன்றை நினைத்தார். "அத்தீவுகளில் உம்மவர்க்கு முன்னே விலங்கிட்டுக் கொண்டுபோகப்பட்டோர் எங்கள் கரையினர். அப்படியாயின் உம் பாட்டனாரும் என் பாட்டனாரும் அடுத்தடுத்த வீட்டில் இருந்திருப்பரே" என்றார். எமக்கு மறுமொழி தோன்றவில்லை. தேநீர் ஆறிவிட்டது.

அன்று அவர்க்கு இரண்டு தமிழ்ச் சொற்களின் வடிவைக் கற்பித்தோம். தெருவிற் செல்லுங்கால் தாமே பார்த்துக்கொள்ளலாமே என்று அவர்தாம் கேட்டார். 'வீடு', 'வாடகைக்கு' என்று தாளில் எழுதிக் கொடுத்தோம். 'டு' என்னும் எழுத்தைக் கண்டு, காலை மடித்து அமர்ந்த மனிதனைப்போல் இருக்கின்றதென்றார். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் எழுத்தின் வரலாற்றை ஓராண்டு கேட்டும் எமக்கு இது தோன்றியதில்லை.

மூன்றாவது வீடு கைகூடும் என்றே நம்பினோம். ஒரு மூதாட்டியார், தாம் கீழே குடியிருந்துகொண்டு மேற்பகுதியை வாடகைக்கு விடுபவர். ஒரே திருப்பம், முனையில் மளிகைக் கடை. இவர் வாயிற்படியிலேயே காலணியைக் கழற்றியது கண்டு அம்மூதாட்டியார்க்கு உள்ளம் குளிர்ந்தது. "ஏங்கண்ணு, இவரு நம்ம சோறு திம்பாரா?" என்று எம்மைக் கேட்டார். வாடகை 7,000 ரூபாய், முன்பணம் 50,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். அன்று மாலை அவர் மகன் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பேசறாங்க, பொம்பளப் புள்ளைங்க இருக்கற எடமுங்க" என்றார்.

மூன்று நாளில் இவ்வாறு ஐந்து பேர் சொல்லக் கேட்டோம். ஒருவரேனும் 'எமக்கு விருப்பமில்லை' என்றிலர். எல்லார்க்கும் ஒன்றுமில்லை, அக்கம்பக்கத்தார்க்கே அச்சம். அவ்வக்கம்பக்கத்தாரைச் சென்று கேட்டால் அவரும் தம் அக்கம்பக்கத்தையே காட்டுவர்போலும். இதனை அவர்க்கு எவ்வாறு மொழிபெயர்ப்பது? முதன்முறை நாவெழாது, வீட்டை உறவினர் ஒருவர்க்குக் கொடுத்துவிட்டனராம் என்று சொல்லிவைத்தோம். இரண்டாம் முறையும் அதுவே சொன்னோம். மூன்றாம் முறை சொன்னபோது அவர் சிரித்து, "திருப்பூரார்க்கு உறவினர் மிகுதி" என்றார்.

நிற்க. அம்மூன்றாம் நாள் இருட்டிய பின், எம்மைத் தனியே விடுதல் தகாதென்று, தம் வண்டியில் எம் வீட்டு வாயில்வரை கொணர்ந்து விட்டார். எம் வீட்டு மேற்பகுதியில் இருந்தோர் ஐப்பசியிற் காலி செய்து போயினர். வாயிற் கதவில் எம் தந்தையார் ஒரு பலகை தொங்கவிட்டிருந்தார். வண்டியின் விளக்கொளி நேரே அதன்மேல் விழுந்தது. எம் கையாலேயே எழுதிய பலகை அது. காலை மடித்து அமர்ந்த மனிதனை அவர் கண்டுகொண்டார். உதடு அசைய இரண்டு சொல்லையும் மெல்லப் படித்தார். பின்னர் எம்மை நோக்கினார். யாம் நன்றி கூறினோம். அவரும் நன்றி கூறி வண்டியைத் திருப்பிக்கொண்டு போயினார்.

எம் வீட்டிலிருந்து பெருஞ்சாலைக்கு ஒரே திருப்பம். முனையிலுள்ள தேநீர்க் கடை இரவு பதினொரு மணிவரை திறந்திருக்கும். மூன்று நாளும் அவர் கேட்ட வினாக்கட்கெல்லாம் விடை எமக்கு முன்பே தெரிந்திருந்தது.

அன்றிரவு உணவின்போது பேச்செடுத்தோம். எம் தந்தையார் பார்ப்போம் என்றார். தாயார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை, பின்னர், "எனக்கென்ன கண்ணு, நல்ல மனுசன்னுதான் சொல்ற. அக்காவுக்கு மாப்பிள்ளை பாக்கற நேரம். அக்கம்பக்கம் என்ன சொல்லும்?" என்றார். எம் தாயார் கொடியவரல்லர். புயல் மழைக்காலத்தில் முன்பின் அறியாதார்க்குச் சோறு சமைத்து அனுப்பியவர். அவரோடு வழக்காடலாமென்று வாய் திறந்தோம். வேதாகமத்தைத் தமிழாக்கினோர் அயலானைக் குறிக்கப் 'பிறன்' என்னுஞ் சொல்லை ஆண்டதுபற்றி ஏதோ சொல்லத் தொடங்கினோம். அஃது அவ்விடத்துக்குப் பொருந்தாத புலமையாயிருந்தமையின் பாதியில் நிறுத்திக்கொண்டோம். மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்பேச்சை எடுத்திலேம். தெருவார் எம்மிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை என்பதையும் இங்கே குறித்தல் வேண்டும். அவரை ஒருவரும் கேட்கவேயில்லை.

புத்தாண்டுக்குப்பின் அவரே அழைத்து, வீடு கிடைத்தது, வந்து காண்க என்றார். சென்றோம். பன்னிரண்டு அறையுள்ள லைன் வீடு. ஒடிசாவிலும் பீகாரிலுமிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்வோர் குடியிருப்பது. தண்ணீர்த் தொட்டியருகில் பெண்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தனர். ஓவர்லாக் தைக்கும் பீகார் இளைஞர் ஒருவர், எம் ஊர்த் தமிழில் "உக்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்.

இவர்கள் இங்குத் திரண்டு வாழ்தற்கு ஒரு வரலாறு உண்டு. 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர் அடித்துக் கொல்லப்படுகின்றனர் என்று பொய்க்காட்சிகள் கைப்பேசிகளிற் பரவின. பிறவிடங்களில் வேறு காரணம்பற்றி நிகழ்ந்த பூசல்களை நம்மேல் ஏற்றிக் காட்டினர். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் திருப்பூர்க்கே வந்து தொழிலாளரைக் கண்டு சென்றனர். அவ்விளைஞர் அப்போது வேறொரு தெருவில் தனியறையில் இருந்தாராம். காட்சிகளைத் தாம் நம்பவில்லை என்றார். ஊரிலிருந்த தாய் நம்பினார். மணிக்கொருமுறை அழைத்து, புறப்பட்டு வா என்றழுதார். தன்பாத் செல்லும் வண்டியில் ஏறுதற்கு ஸ்டேஷன்வரை போய், கூட்டத்தைக் கண்டு திரும்பிவிட்டாராம். அதன்பின் தனியறையை விட்டு, தம்மவர் இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டார். ஒருவரும் அவரை அடித்திலர், வைதிலர். தெருவில் தம் பெயர் அறிந்தார் எவருமில்லை என்பது மட்டும் அவ்வாரத்தில் தெரியவந்ததாம்.

எம் நண்பர் வீட்டைச் சுற்றிக் காட்டினார். நண்பர் என்று எழுதக் கை கூசுகின்றது. ஆயினும் அவர் அவ்வாறுதான் அங்கிருந்தார்க்கு எம்மை அறிமுகப்படுத்தினார். அறை சிறியது, பேல் கட்டிய பனியன்கள் சுவரோரம் கூரைவரை அடுக்கியிருந்தன. பெருஞ்சாலைக்கு இரண்டு திருப்பம். விளக்கு ஒன்றுதான் எரிந்தது. காப்பீடாகப் பன்னிரண்டு அறையிலும் ஆட்கள் உளர் என்றார். வீட்டுக்காரர் தாமே ஸ்டேஷனுக்கு உடன் வந்து எழுதிக் கொடுத்தாராம்.

பின்னர்த் தெருமுனைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றார். கடைக்காரர் அவரைப் பெயர் சொல்லி, சிறிது பிழைபட, அழைத்தார். ஏழாம் நாளாம் அது. அங்கே நின்றுகொண்டு, வேறெங்கோ நோக்கியவராய், "உம் வீட்டு மாடி போய்விட்டதா?" என்று வினவினார்.

உறவினர் ஒருவர்க்குக் கொடுத்தாயிற்று என்றோம்.

அவர் எம் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பின் கடைக்காரரை நோக்கி, இரண்டு தேநீர் என்று விரலைக் காட்டினார்.