நாக்கு வறண்ட பேனா

சென்ற அரைப் பரீட்சையின்போது என் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றாவது கேள்வியின் நடுவில் எழுந்து நின்றான். "சார், பேனா எழுத மாட்டேங்குது சார்" என்றான். உதறிப் பார்த்தான், ஒரு சொட்டும் விழவில்லை. நிப்பை நாக்கில் தொட்டுப் பார்த்தான். நாக்கு நீலமானதுதான் மிச்சம். வேறு பேனா தேடிக் கொடுப்பதற்குள் பத்து நிமிஷம் பறந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் கை நடுங்கிய நடுக்கத்தில் தெரிந்த விடைகளையும் எழுதவில்லை.

இதில் நான் வெட்கப்பட வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. "பால்பாயிண்டை விட்டுவிட்டு மைப் பேனாவால் எழுதுங்கள்; கையெழுத்து திருந்தும்" என்று வகுப்பில் உபதேசம் செய்தவன் அடியேன்தான். அந்தப் பையனுடைய தகப்பனார் புத்தூர் நால்ரோட்டுப் பக்கம் தள்ளுவண்டியில் பழம் விற்கிறவர். வாத்தியார் சொல்லிவிட்டாரே என்று அன்றைய வரும்படியில் ஒரு பங்கைப் பேனாவுக்குக் கொடுத்தவர். ரஸாயனம் கற்பிக்கிறவன் என்று பெயர் வைத்துக்கொண்டு, பேனாவை வாங்கச் சொன்னேனே தவிர, எந்த மையை ஊற்றுவது என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பேனாவை வீட்டுக்கு எடுத்து வந்து கழற்றினேன். நிப்பின் அடியில் கறுப்பாக ஒரு கட்டை இருக்கிறது அல்லவா? பையன்கள் அதை நாக்கு என்கிறார்கள், பொருத்தமான பெயர். அதில் மயிரிழை போன்ற வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. மை அதன் வழியாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று மேலே ஏற வேண்டும். 1884-இல் வாட்டர்மன் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற சூட்சுமம் இதுதான். அந்த வாய்க்காலில் வண்டலைப்போல ஒரு கசடு அடைத்துக் கிடந்தது. உய்யக்கொண்டான் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்தால் கீழ் மடைக்குத் தண்ணீர் எப்படிப் போகும்?

மறுநாள் பையனைக் கேட்டேன். "அண்ணனோட நீல மை கொஞ்சம் இருந்திச்சு சார். கடையில கறுப்பு வாங்கிச் சேர்த்தேன். தீந்துபோறப்ப குழாய்த் தண்ணி கொஞ்சம் ஊத்திப்பேன்" என்று கூசாமல் சொன்னான். மூன்று பாவங்களையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டவனை என்ன சொல்வது? மைகளில் சில புளிப்புத் தன்மை உடையவை; சில காரத்தன்மை உடையவை. இரண்டையும் கலந்தால் கரைந்திருந்த சாயம் திரிந்து அடியில் படியக்கூடும். தண்ணீர் ஊற்றினாலோ, பூஞ்சை பிடிக்காமல் இருப்பதற்காக மையில் சேர்த்திருக்கும் மருந்து நீர்த்துப் போகிறது. மையில் பாசிபோல ஆடை படர்கிறது. போதாக்குறைக்கு எங்கள் தெருவின் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம்.

பிராயச்சித்தமாக அந்தக் கோடை விடுமுறையில் ஒரு பரிசோதனை செய்தேன். ஒரே மாதிரியான மலிவுப் பேனாக்கள் ஐந்து வாங்கி, ஐந்து வித மை ஊற்றி, மூடி ஜன்னலோரம் வைத்தேன். திருச்சிராப்பள்ளிக் கத்திரி வெயிலைப் பற்றி நான் வர்ணிக்க வேண்டியதில்லை. மையிலுள்ள நீர் ஆவியாகிச் சாயம் மட்டும் தங்குவதே பேனாவுக்கு வரும் பெரும்பாலான வியாதிக்கு மூலம். அதற்கு எங்கள் ஊரைவிட உகந்த இடம் கிடைப்பது அரிது. மூன்று வாரம் கழித்துக் காவேரித் தண்ணீரால் கழுவினேன்.

கழுவினால் போகும் நீலம் என்று விற்கிறார்களே, அது இரண்டாவது தம்ளரிலேயே தெளிந்துவிட்டது. கறுப்பு ஆறு தம்ளர் கேட்டது. சாயம் அதிகம் கரைந்த மையில் படிவும் அதிகம். சிவப்பு ஒருவாறு போயிற்று, ஆனால் கண்ணாடிபோன்ற பேனாக் குழாயில் ரோஜா நிறச் சாயல் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. சாயத்துக்குப் பதிலாக நுண்பொடி கலந்த மை இருக்கிறதே, அது காய்ந்தபின் என்னிடம் தோற்கவில்லை, நான்தான் தோற்றேன். பேனா குப்பைக்குப் போயிற்று. (சித்திரக்காரர் உபயோகிக்கும் இந்தியா மையை இந்தப் பந்தயத்தில் சேர்க்கவே இல்லை. அதிலுள்ள அரக்குப் பசை ஊற்றுப் பேனாவுக்கு விஷம்.)

ஐந்தாவது, அன்னபேதி கலந்த நீலக்கறுப்பு மை. இது நம் பாட்டனார் காலத்துக் கடுக்காய் மையின் தம்பி. கடுக்காயிலோ மாசிக்காயிலோ உள்ள துவர்ப்பும், அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்ந்தால் பிறப்பது. எழுதும்போது நிறம் தெரிவதற்காகக் கொஞ்சம் நீலச் சாயமும், கரைந்தே இருப்பதற்காகக் கொஞ்சம் அமிலமும் சேர்க்கிறார்கள். காகிதத்தில் காற்றுப் பட்டதும் இரும்பு மாறுதலடைந்து கறுத்து, நீரில் கரையாத பொருளாகிறது. நீலமாய் எழுதிக் கறுப்பாய் முதிர்வதால்தான் நீலக்கறுப்பு என்று பெயர். இப்போது அந்தப் பெயரில் விற்கும் பல புட்டிகளில் இரும்பே இல்லை என்பது வேறு விஷயம். காகிதத்தில் நடப்பதே பேனாவுக்குள்ளும் நடந்தால்தான் ஆபத்து. கழுவிய நீர் தெளிந்துவிட்டது என்று நாம் ஏமாறுவோம். நாக்கில் சாம்பல் பூத்தாற்போல் ஒரு பூச்சு ஒட்டியே இருக்கும். மலிவான எஃகு நிப்பை அந்த அமிலம் அரிக்கவும் செய்யும்.

உலகத்துப் பெரிய கம்பெனிகளும் இந்த விவகாரத்தில் தலையைக் கொடுத்தவைதாம். 1931-இல் பார்க்கர் கம்பெனி குவிங்க் மையைக் கொண்டுவந்தபோது, அதிலுள்ள ஒரு சரக்கு எழுத எழுதப் பேனாவைச் சுத்தம் செய்யும் என்று விளம்பரம் செய்தது. அதே கம்பெனி 1947-இல் கொண்டுவந்த சூப்பர்குரோம் என்ற பளபளப்பான மையோ, காரம் மிகுந்து பேனாவின் உள்ளுறுப்புகளையே அரித்தது. நம் தேசத்தில் காந்தியடிகள் சுதேசி மை வேண்டும் என்று விரும்ப, சதீஷ் சந்திர தாஸ் குப்தா என்ற ரஸாயன நிபுணர் ஒன்று தயாரித்தார். மைத்ரா சகோதரர்கள் அதை ஏற்று, 1934-இல் வங்காளத்து ராஜ்ஷாஹியில் சுலேகா மையைத் தொடங்கினார்கள். அந்தத் தொழிற்சாலையும் இடையில் பல வருஷம் மூடிக் கிடந்து மறுபடி உயிர் பெற்றது.

பரிசோதனையின் தீர்ப்பு சுலபமாகத் தோன்றியது: கழுவினால் போகும் நீலமே உத்தமம். அப்படியே எழுதியும் வைத்தேன். அந்த வாரத்தில்தான் பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்க நேர்ந்தது. கூரை ஒழுகிப் பெட்டிக்குள் மழைநீர் புகுந்திருந்தது. என் காலேஜ் நோட்டுப் புஸ்தகங்கள் மேலே இருந்தன. அவ்வளவும் கழுவினால் போகும் நீலம். அவ்வளவும் கழுவிப் போயிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் வெளுத்த மேகம்தான் மிச்சம். கீழே, அதே ஈரத்தில் ஊறிய என் தகப்பனாரின் நகல் காகிதங்கள். அவர் பத்திர எழுத்தராக ஜீவனம் நடத்தியவர். "கிழக்கு மேற்கு ஜாதியடி" என்று அவர் எழுதிய எழுத்துக்களில் ஒரு கொம்புகூடக் கலையவில்லை.

பேனாவுக்கு நல்லதும் எழுத்துக்கு நல்லதும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெகு சுலபமாகக் கழுவிக்கொண்டு போகிற மை, காகிதத்தை விட்டும் அப்படியே போய்விடும்.

தகப்பனாரின் கறுப்பு எபனைட் பேனா என் மேஜைக்குள் பன்னிரண்டு வருஷமாக உறங்கிற்று. அதற்குள் அவர் கடைசியாக ஊற்றிய மை காய்ந்திருந்தது. அதைக் கழுவ எனக்குத் தைரியம் வந்ததில்லை. அன்று எடுத்தேன். சாய மைக்கு நவச்சார ஆவிநீர் இரண்டு சொட்டு உதவும். இரும்பு மைக்கு அது எதிரி, துருவை இன்னும் கெட்டியாக்கிவிடும். வெந்நீரும் ஆகாது, எபனைட் பழுப்பேறும். வைட்டமின் ஸி மாத்திரை ஒன்றைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, நிப்பையும் நாக்கையும் அதில் ஊறப் போட்டேன். கரையாத இரும்பைக் கரையும் இரும்பாக அது மாற்றிவிடும்.

காலையில் தம்ளரில் சாம்பல் நிறமாய்த் தண்ணீர் கலங்கி நின்றது. அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பாவோட மையைக் கழுவிட்டியாடா?"

"அடைச்சுக் கிடந்ததும்மா."

அவள் ஒன்றும் பேசவில்லை. தம்ளரை வாங்கிக்கொண்டு போய்ச் செம்பருத்தியின் அடியில் ஊற்றினாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் பையனுக்குக் கழுவினால் போகும் நீல மை ஒரு புட்டி வாங்கிக் கொடுத்தேன். விடைத்தாளின் ஆயுள் சில மாதந்தானே! வேறு எதுவும் கலக்காதே, பதினைந்து நாளைக்கு ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவு, லீவில் காலி செய்து வை என்று சொல்லியிருக்கிறேன். முழுப் பரீட்சைக்கு உபரியாக ஒரு பால்பாயிண்டும் சட்டைப் பையில் வைத்துக்கொள் என்றும் சொன்னேன். பழைய உபதேசத்தில் அந்த அளவு இறங்கி வந்துவிட்டேன்.

தகப்பனாரின் பேனாவில் மறுபடியும் இரும்பு மையே ஊற்றினேன். அதன் நிப் தங்கம்; அமிலம் அதைத் தொடாது. வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை கழுவுவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் வரியை அவளே எழுதினாள், பால் கணக்கு. எழுதும்போது நீலமாக இருந்தது. சாயங்காலம் விளக்கு வைத்தபின் பார்த்தபோது கறுக்கத் தொடங்கியிருந்தது.