அண்ணனுக்கு என்ன ஆயிற்று?



அண்ணனைப் பற்றித் தினமும் போனில் கேட்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதினால் நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றியது.

அவருக்கு ஆறு வருடமாக வால்டன்ஸ்ட்ராம் என்ற அரிய ரத்தப் புற்றுநோய் இருப்பது சிலருக்குத் தெரியும். மெதுவாக வளரும் நோய். ரத்தத்தில் ஐஜிஎம் என்ற புரதம் கூடும். தொந்தரவு இல்லாதவரை மருந்து தராமல் கண்காணிப்பார்கள். அண்ணனும் அவ்வப்போது ரத்தம் கொடுத்துவிட்டு, தோட்ட வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்ற ஆண்டு நடை தள்ளாடியது. கையெழுத்து கோணியது. பேத்தியின் பெயர் மறந்தது. முதலில் காட்டிய இடத்தில், "75 வயதில் இதெல்லாம் சகஜம்" என்றார்கள். ஐஜிஎம் அளவும் ஏறவில்லை. அண்ணி மட்டும் விடவில்லை. "மூணு மாசத்துல யாருக்கும் இவ்வளவு வயசாகாது தம்பி" என்றார். எது எந்தத் தேதியில் தொடங்கியது என்று ஒரு நோட்டில் எழுதி, ரத்தநோய் மருத்துவரிடமே நீட்டினார்.

அதைப் படித்ததும் அவர் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மருந்து செலுத்தி எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். பிறகு முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார்கள். நீரை முதலில் எடுத்தால், அதனாலேயே மூளை உறை ஸ்கேனில் வேறு மாதிரித் தெரிந்து குழப்புமாம். அந்த நீரில் புற்றணுக்கள் இருந்தன. வால்டன்ஸ்ட்ராம் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காணப்படும் எம்ஒய்டி88 மரபணு மாற்றமும் இருந்தது.

இதற்குப் பெயர் பிங்–நீல் சிண்ட்ரோம். இந்த நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். டென்மார்க்கின் பிங், நீல் என்ற இருவர் இதை எழுதியது 1936-இல். ஸ்வீடனின் வால்டன்ஸ்ட்ராம் மூல நோயை விவரித்ததோ 1944-இல்தான்! வகுப்பில் இருந்திருந்தால் இதைக் கேள்வியாகவே கேட்டிருப்பேன்.

இப்போது மூளைக்குள்ளும் சென்று வேலை செய்யும் மாத்திரை சாப்பிடுகிறார். கைத்தடி வேண்டியிருக்கிறது. பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

ஒரு வேண்டுகோள். வீட்டில் ரத்தப் புற்றுநோய் உள்ளவருக்கு நடை, பேச்சு, பார்வை, நினைவு எதிலாவது புதிதாக மாற்றம் வந்தால், ரத்தநோய் மருத்துவரிடம் தேதியோடு சொல்லுங்கள். எல்லாம் இதுவாகவே இருக்காது. அந்தப் புரதம் நரம்பைத் தாக்கினாலும், ரத்தம் கெட்டியானாலும் இப்படிச் சில தொல்லைகள் வரும். எது என்று சோதித்துத்தான் சொல்ல முடியும். வயதின் மேல் பழி போடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்