விளக்கு எரியாத கருவி

ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு சைபர் சென்டர் இருக்கிறது. மின்கட்டணம், ரயில் முன்பதிவு, ஆதார் வழியாக வங்கிப் பணம் எடுத்தல் எல்லாம் அங்கே நடக்கும். ஆய்வுப் படிப்புக்கு வருமுன் நான் ஒரு சிறு நிறுவனத்தில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கடைக் கணினியில் ஓடும் செயலியில் நான் எழுதிய பகுதிகளும் உண்டு. அது பற்றி எனக்குள் சிறு பெருமை இருந்தது, சென்ற மழைக்காலத்தின் ஒரு காலைவரை.

அன்று நகல் எடுக்கச் சென்றிருந்தேன். எங்கள் தெரு வீடுகளில் பல்லாண்டுகளாக வேலை செய்யும் பாட்டியொருவர் முதியோர் உதவித்தொகை எடுக்க வந்திருந்தார். பெருவிரலை வைத்தார். ‘விரல்ரேகை பொருந்தவில்லை’ என்றது திரை. துடைத்துவிட்டு மீண்டும் வைத்தார். அதே செய்தி. “ரெண்டு நாளா யாருக்குமே பொருந்தல சார், மழை ஈரம்” என்றார் கடைக்காரர். பாட்டியோ, “பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு என் ரேகையே அழிஞ்சு போச்சு கண்ணு” என்று சொல்லிச் சிரிக்க முயன்றார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவர் விரல் வைத்தபோது கருவியின் கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரியவே இல்லை. படமே பிடிக்கப்படாத ரேகை எவ்வாறு பொருந்தாமல் போகும்?

இங்குச் சிறிது விளக்கம் தேவை. முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனத்தின் ரேகைக் கருவிக்கும் ஏற்றாற்போல் செயலி எழுதுவோர் தனித்தனியாக நிரல் எழுதவேண்டியிருந்தது. 2017இல் ஆதார் ஆணையம் பதிவுபெற்ற கருவிகளைக் கட்டாயமாக்கியது. சேமித்துவைத்த ரேகையை எவரும் மீண்டும் அனுப்பிவிடக்கூடாது என்பதே முதன்மை நோக்கம். ஆனால் அதனால் இன்னொரு நன்மையும் விளைந்தது. கருவியின் டிரைவருக்கு மேல் ‘ஆர்டி சர்வீஸ்’ என்னும் அடுக்கு வந்தது. விண்டோஸ் கணினியில் செயலி 11100 முதல் 11120 வரையுள்ள போர்ட்டுகளில் அதனைத் தேடிக் கண்டுபிடிக்கும், ‘ஆயத்தமா?’ என்று கேட்கும். ஆம் எனில் ரேகையைப் பிடிக்கச் சொல்லும். எந்த நிறுவனத்தின் கருவியாயினும் கேள்வி ஒன்றே.

ஆயினும் அந்தச் சேவை தன் பதிப்பெண்ணையும் சொல்கிறது. என் தவறு அங்கேதான் தொடங்கியது. ஒரு பழைய பதிப்பில் கண்ட கோளாற்றைத் தவிர்க்க, ‘1.0.9க்குக் குறைந்த பதிப்பு எனில் நிறுத்துக’ என்று எழுதியிருந்தேன். அந்த ஒப்பீட்டை எண்ணாக அன்றி எழுத்துச் சரமாகச் செய்திருந்தேன். இரண்டு நாள்களுக்கு முன் கருவியின் மென்பொருள் 1.0.10 என்னும் பதிப்புக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. எழுத்து வரிசையில் 9க்கு முன்னால் 1 வருமாதலால், புதியது பழையதாகிவிட்டது. செயலி கருவியை அழைக்கவே இல்லை.

இத்தவறு புதிதன்று. விண்டோஸ் 95 உண்மையில் 4.0 ஆக இருந்தும், பழைய 16 பிட் செயலிகளிடம் தன்னை 3.95 என்று சொல்லிக்கொண்டது. 3.10க்கு எழுதப்பட்ட பல செயலிகள் முன்னெண்ணையும் பின்னெண்ணையும் தனித்தனியே ஒப்பிட்டதால், 4.0இன் சுழியைக் கண்டு ‘இது பழையது’ என்று மறுத்துவிடும் என்பதே காரணம். நாம் தவறாகக் கேட்டால், இயங்குதளமும் பொய் சொல்ல நேர்கிறது.

ஆகவே பதிப்பெண்ணைக் கொண்டு திறனை ஊகிக்காமல், திறனையே கேட்பது நல்லது. பழுதென்று உறுதியாக அறிந்த பதிப்புகளை மட்டும் பெயர் சொல்லி விலக்கலாம். அறியாத புதிய பதிப்பை முயன்று பார்க்க விடவேண்டும். குரோமியம் உலாவி, கோளாறு தெரிந்த கிராபிக்ஸ் டிரைவர்களுக்கு அத்தகைய பட்டியலொன்றை வைத்திருக்கிறது. அன்று மாலையே பழைய அலுவலக நண்பரிடம் இதைச் சொன்னேன், இரவுக்குள் திருத்தினார்.

ஆனால் என்னை உறங்கவிடாதது அந்த ஒப்பீடு அன்று. ‘கருவி ஆயத்தமாக இல்லை’ என்பதற்குப் பிழைக்குறி 720. ‘ரேகை பொருந்தவில்லை’ என்று ஆதார் வழங்கி சொல்வதற்கு 300. முன்னது இயந்திரத்தைப் பற்றியது. பின்னது மனிதரைப் பற்றியது. இவ்விரண்டையும், என் நிரலே மறுத்துவிட்டதையும் சேர்த்து, எளிமைக்காக ஒரே செய்தியாக எழுதியிருந்தேன். அந்த எளிமையால், இரண்டு நாள்கள் வந்தவர்களெல்லாம் தங்கள் விரலைக் குற்றம் சொல்லிக்கொண்டு வெறுங்கையுடன் திரும்பியிருக்கிறார்கள். ஆய்வக மாணவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது பிழைச் செய்திகளைத்தான். தவறு யாருடையது என்று உங்கள் செயலி உண்மையைச் சொல்கிறதா?

மறுநாள் காலை விளக்கு எரிந்தது, பணம் வந்தது. “தப்பு உங்க விரல்ல இல்ல பாட்டி, நான் எழுதினதுலதான்” என்றேன். “படிச்ச பிள்ள நீ, உன்னால தப்பு வருமா?” என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போதும் மாதந்தோறும் கருவியில் விரல் வைக்குமுன் சேலைத் தலைப்பில் மூன்று முறை துடைத்துக்கொள்கிறார்.