மறுபடியும் ஓலையா?

வீட்டுக்குப் பின்னால் படிப்பதற்கு ஓர் ஓலைக் கொட்டகை போடப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது இதுதான்: "மறுபடியும் ஓலையா?"

தோழர்களே, சாயல்குடிப் பக்கத்து வெயிலில், தொகுப்பு வீட்டுக்குள் மதியம் உட்கார்ந்து படித்தவர்களுக்கு என் ஆசை புரியும். பகலெல்லாம் குடித்த சூட்டைத் தளம் ராத்திரி முழுக்க நம்மீது கக்கும். ஊருக்குள் ஆலமரம் உண்டு, கல் மேடையும் உண்டு. நம் பிள்ளைகள் புத்தகத்தோடு அங்கே போய் உட்கார்ந்தால் என்ன பேச்சு வரும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அம்மாவின் கேள்வி விளையாட்டல்ல. 1957 முதுகுளத்தூர் கலவரத்தில் சேரிகள் எரிந்ததைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 பேரை உயிரோடு கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். இன்று ரிசார்ட்டுகளில் 'இயற்கைக் குடில்' என்று காசு கொடுத்துத் தங்குகிறார்களே, ஓலை என்றதும் அவர்களுக்கு நெருப்பு ஞாபகம் வராது. கொடுத்து வைத்தவர்கள்!

மூன்று நாள் பேசி அம்மா சம்மதித்தார், நிபந்தனைகளோடு. கொட்டகை வீட்டை ஒட்டி இருக்கக் கூடாது. எதிரெதிரே இரண்டு கதவு வேண்டும். இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். வெளியே கொண்டி வைக்கவே கூடாது. எந்தப் பொறியாளரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்.

மூன்று சென்ட் பட்டா. வீடு போக மிஞ்சிய இடத்தில் பத்துக்குப் பத்து. பனந்தூண் நட்டு, பனங்கை ஏற்றி, காய்ந்த ஓலையைச் சரிவாக வேய்ந்தோம். கச்சான் காற்று தூக்கிவிடாமல் மேற்குப் பக்கம் கூரையைத் தாழ இறக்கினோம். சுவருக்குப் பதில் நான்கு பக்கமும் கொசுவலை. கம்பி வலைதான் உறுதி என்றார் கடைக்காரர். உப்புக் காற்றில் அது சீக்கிரமே துருப்பிடித்து உதிரும். நைலான் வலை வாங்கி, மெல்லிய ரீப்பர் கட்டை வைத்து அடித்தோம். கிழிந்தால் ஊசி நூல் போதும்.

இப்போது சாயங்காலமானால் தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார்கள். அம்மாவும் ஒரு மூலையில் பெட்டி முடைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். கதவுக்குப் பக்கத்து மூலை. பிள்ளைகள் யாராவது பையைக் கொண்டுபோய்க் கதவை மறித்து வைத்தால், நிமிர்ந்து பார்க்காமலே, "அதை எடு" என்கிறார்.