ஓடாவி அண்ணைக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணை,

ஸ்காபரோவில் எங்கள் நிலவறைக்கு நீங்கள் முதல்முறை வந்த அன்று, மேசைவாள் வாங்கப்போகிறேன் என்றேன். எந்தக் கம்பனி என்று நீங்கள் கேட்கவில்லை. சுவரிலிருந்த பிளக்கைப் பார்த்தீர்கள், பிறகு படிக்கட்டைப் பார்த்தீர்கள். "இதால எத்தனை இறாத்தல் இறக்கலாம் எண்டு நினைக்கிறாய், தம்பி?" என்றீர்கள். அந்தக் கேள்விக்குத்தான் இந்த நன்றி. வீட்டில் மரவேலை தொடங்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எல்லோரும் படிக்க எழுதுகிறேன்.

என் மனம் 3 குதிரைவலு கபினெட் வாளில் இருந்தது. நான் பார்த்து வைத்தது ஐந்நூறு இறாத்தல். 240 வோல்ட் தனி இணைப்பும் வேண்டும். நீங்கள் வாயாலேயே கணக்குப் போட்டீர்கள். எங்கள் பிளக்கில் 120 வோல்ட், 15 அம்பியர். பெருக்கினால் 1,800 வாட். 3 குதிரைவலு மோட்டார் தரும் வேலை மட்டுமே 2,200 வாட்டுக்கு மேல். "ஊத்தில்லாத கிணத்தில பெரிய வாளியைப் போட்டு என்ன செய்ய?" என்றீர்கள்.

மலிவான கொன்ட்ராக்டர் வாளையும் வேண்டாம் என்றீர்கள். மோட்டார் பின்னால் தொங்கும், அடி திறந்திருக்கும், மரத்தூள் தரையெங்கும் கொட்டும். ஃபர்னஸ் இருக்கும் நிலவறையில் அது கூடாது. மிஞ்சியது ஹைபிரிட். மோட்டார் மூடிய பெட்டிக்குள், தூளை உறிஞ்ச 4 அங்குலக் குழாய்வாய், மேலே வார்ப்பிரும்பு மேசை, 1.75 குதிரைவலு என்பதால் இருக்கிற மின்சாரத்திலேயே ஓடும்.

கடையில் நான் மேசையின் பளபளப்பைத் தடவிக்கொண்டிருந்தேன். நீங்களோ அலகை ஏற்றி இறக்கி, அதன் பின்னால் நிற்கும் தகடும் கூடவே ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தீர்கள். அந்தத் தகட்டுக்கு ரைவிங் நைஃப் என்று பெயர் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நீளவாட்டில் அறுக்கும்போது சில மரம் வெட்டிய வாயை மூடி அலகைக் கவ்வும். பின்பக்கப் பற்கள் அதைத் தூக்கி அறுப்பவர் மேலேயே எறியும். அந்த வாய் மூடாமல் காப்பது இந்தத் தகடு. அதே அலகால் பள்ளம் வெட்டும்போதும் அதைக் கழற்றத் தேவையில்லை. நீங்கள் வாளுக்கு நேரே நில்லாமல் ஒதுங்கி நின்று அறுப்பதன் காரணத்தையும் அன்றுதான் சொன்னீர்கள்: தொழிற்சாலையில் ஒருநாள் வயிற்றில் வந்து அடித்த மேப்பிள் துண்டு. அதை இவ்வளவு அமைதியாகச் சொல்ல உங்களால்தான் முடியும்.

வாள் வந்த சனிக்கிழமை, அலகின் ஒரு பல்லில் பென்சிலால் அடையாளமிட்டு, மேசைப் பள்ளத்திலிருந்து அதன் தூரத்தை முன்னால் ஒருமுறை, அதே பல்லைப் பின்னால் திருப்பி ஒருமுறை என்று அளந்தீர்கள். இரண்டும் ஒத்துவர இரண்டு மணிநேரம் பிடித்தது. கோணினால் மரம் கரியும் என்றீர்கள். போகும்போது 1/8 அங்குல அலகைக் கழற்றி, 3/32 அங்குல அலகைப் போட்டுவிட்டுப் போனீர்கள். தின்னும் மரம் கால்வாசி குறைவு, சின்ன மோட்டாருக்கு அது பெரிய ஆறுதல்.

போன கிழமை எட்டடி மேப்பிள் பலகை ஒன்றை நீளவாட்டில் அறுத்தேன், ஒதுங்கி நின்றுதான். விளிம்பில் எங்கும் கரிந்த கோடு இல்லை. சீவுளி போடாமல் அப்படியே வைத்திருக்கிறேன், நீங்கள் வந்து விரலால் தடவிப் பார்க்க.

அன்புடன்,
உங்கள் தம்பி