உறையாது, ஆனால் உணருமா?

மைனஸ் 20 டிகிரி டீப் ஃப்ரீசரிலிருந்து ஹைட்ரோஜெல் பட்டையை எடுத்து ஆள்காட்டி விரலில் சுற்றுகிறேன். விரலை மடக்கி நீட்டினால் திரையில் மின்தடைக் கோடு ஒழுங்காக ஏறி இறங்குகிறது. கீழே, ‘கடுங்குளிரிலும் இயங்கும் ரோபோ தோல்’ என்ற வாசகம். இந்த வீடியோவைப் பல கருத்தரங்குகளில் போட்டுக் காட்டியிருக்கிறேன். பட்டையின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்தான். உடம்புச் சூடு பட்டதுமே அதன் குளிர் போய்விடும். படம் எடுக்கும்போதே எனக்கு அது தெரியும்.

ஜெல் உறையாது என்பதில் பொய்யில்லை. பாலிவினைல் ஆல்கஹால் கரைசலை உறையவைத்து உருக்கித்தான் ஜெல்லாக இறுக்குகிறோம். உறைபனியில் பிறந்ததை உறையவிடாமல் காப்பதுதான் எங்கள் பிழைப்பு! அதற்காகக் கிளிசரால் கலந்த நீரில் ஊறவைப்போம். அது நீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்துக்கொண்டு பனிப்படிகம் சேரவிடாது. எடையில் மூன்றில் இரண்டு பங்கு கிளிசரால் இருந்தால் கலவை ஏறத்தாழ மைனஸ் 46 டிகிரி வரை உறையாது. மின்சாரம் கடத்த லித்தியம் குளோரைடு.

உறையாமல் இருப்பது வேறு, சரியாக உணர்வது வேறு. என் மாணவி ஒருத்தி பட்டையை ரோபோ விரலில் ஒட்டி, விரலை அசைக்காமல், குளிர்ப்பெட்டிக்குள் வைத்து அளந்தாள். குளிரக் குளிரக் கிளிசரால் கெட்டியாகி அயனிகள் நகரத் திணறின. மின்தடை பல மடங்கு எகிறியது. பட்டையைப் பத்து சதவீதம் இழுத்தால் மின்தடை சுமார் 21 சதவீதம்தான் கூடும். அப்படியானால் சும்மா இருக்கும் விரலை, முழுக்க மடங்கிவிட்டதாக ரோபோ நினைத்துக்கொள்ளும்.

அந்த வரைபடத்தை நான் மறைக்கவில்லை. மறைத்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது. ஆய்வுக் கட்டுரையில் ‘வெப்பநிலையையும் உணரும்’ என்று தனித் தலைப்புப் போட்டு, கோளாறை இரண்டாவது சிறப்பாக்கினேன். இந்தத் துறையில் இது புதிதல்ல. ஒரே சென்சாரில் இரண்டு வேலை என்று மதிப்பீட்டாளரும் பாராட்டினார். அதே சூட்டில் நிதி விண்ணப்பத்தில் சியாச்சினையும், அண்டார்டிகாவின் மைத்ரி நிலையத்தையும் சேர்த்தேன்.

“சார், ரெண்டும் சேர்ந்து மாறினா எது இழுப்பு, எது குளிர்னு எப்படிப் பிரிக்கிறது?” என்று கேட்டாள். “அது அடுத்த பேப்பர்மா” என்றேன்.

பிரிக்க வழி இல்லாமல் இல்லை. இழுபடாத இடத்தில் இன்னொரு பட்டையை ஒட்டி, அதன் அளவை இதோடு ஒப்பிட்டு, குளிரின் பங்கை நீக்க வேண்டும். அவள் ஊருக்குப் போயிருந்த வாரம் நானே செய்து பார்த்தேன். மிஞ்சிய கோடு, இரைச்சலுக்கு நடுவே மடக்கியதா நீட்டியதா என்று தெரியாதபடி மெலிந்து கிடந்தது. அந்தக் கோப்பை அவளுக்குக்கூட அனுப்பவில்லை.