நாலு அங்குலக் கத்தி

பட்டுப் புடவை ஒன்று வாங்க ஒன்பது கடை ஏறி இறங்குகிறோம். வெண்கலப் பானையைத் தட்டி ஓசை பார்த்து வாங்குகிறோம். கறிகாய் நறுக்கும் கத்தியை மட்டும், பாத்திரக் கடைக்காரர் ரசீது எழுதும் நேரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். பிறகு வருஷம் முழுவதும் அதனோடு மல்லுக்கட்டுகிறோம். தினம் இரண்டு வேளை கையில் எடுக்கும் கருவியிடம் இவ்வளவு அலட்சியம் தகுமா?

தஞ்சைச் சீமையின் அடுப்பங்கரையில் நெடுங்காலம் அரசு செலுத்தியது அரிவாள்மணைதான். மணையைக் காலால் அழுத்திக்கொண்டு, இரு கைகளாலும் காயைப் பிடித்து அலகின்மேல் செலுத்துவது அதன் முறை. கத்தி நறுக்கும்போது காய் நிற்கக் கத்தி நகர்கிறது. அரிவாள்மணையிலோ கத்தி நிற்கக் காய் நகர்கிறது. சேனைக்கிழங்கும் பறங்கிக்காயும் அதற்கு எம்மாத்திரம்! வங்காளத்தாரும் மராட்டியரும்கூட வேறு பெயர்களில் இதே கருவியை வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்று சமையல் மேடை இடுப்பளவு உயர்ந்துவிட்டது. தரையில் உட்கார முழங்கால் இடம் கொடுக்காதவர்களும் வீட்டில் இருக்கிறார்கள். ஆகவே சிறு கத்தியின் குணதோஷங்களை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

முதலில் உலோகம். எவர்சில்வர் கத்தி துருப்பிடிக்காது. 1913-ல் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரேர்லி என்பவர் இரும்போடு குரோமியம் சேர்த்து வார்த்த எஃகின் வம்சம் அது. கொல்லுப்பட்டறையில் அடித்த எஃகுக் கத்தியோ வாழைப்பூவையும் வாழைக்காயையும் தொட்டால் கறுத்துப் போகும். ஈரத்தோடு விட்டால் துரு ஏறும். எனினும் அதைத் தீட்டுவது எளிது. விரைவில் கூர் ஏறும். தினம் துடைத்து வைக்கும் பொறுமை உள்ளவர்கள் இதை வாங்கலாம். இல்லாதவர்கள் எவர்சில்வரையே நாடலாம்.

அலகு மூன்று முதல் நாலு அங்குலம் போதும். மெல்லியதாக இருக்கவேண்டும், பருத்த அலகு காயை நறுக்காது, பிளக்கும். கண்ணுக்கு நேரே பிடித்து வாயோரமாகப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். அலகின் வால் பிடிக்குள் நீளச் சென்று, ஆட்டமில்லாமல் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். கடைசியாக, யார் நறுக்கப் போகிறார்களோ அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கவேண்டும். வீட்டு யஜமானர் கைக்குப் பொருந்திய பிடியால் யஜமானிக்கு என்ன பிரயோஜனம்?

நிற்க. எவ்வளவு நல்ல கத்தியும் மழுங்கத்தான் செய்யும். மழுங்கிய கத்திதான் அபாயமானது. கூரான கத்தி சொன்ன இடத்தில் இறங்கும். மழுங்கியதை அழுத்தினால் தக்காளித் தோலில் வழுக்கி விரலில் இறங்கும்.

நம்முடையது காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல் பூமி. பாறைக்கு இங்கே பஞ்சம். 1010-ஆம் ஆண்டில் முடிந்த பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஆகையால் நம் பாட்டிமார்கள் தனியாகச் சாணைக்கல் தேடாமல் அம்மியின் விளிம்பிலேயே தீட்டிக்கொண்டார்கள். இன்று கார்போரண்டம் கல் கடைகளில் கிடைக்கிறது. 1891-ல் அமெரிக்கர் அச்சிஸன் கண்டுபிடித்த பொருள் அது. 1954 முதல் சென்னையிலேயே அதற்கு ஒரு கம்பெனி இருக்கிறது. கல்லை நனைத்துக்கொண்டு, கத்தியைச் சற்றே சாய்த்துத் தேய்க்கவேண்டும். இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள அலகானால் அதன் முதுகு கல்லுக்கு அரை சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். அந்தச் சாய்வு மாறாமல் ஒரு பக்கம் தேய்த்து வந்தால் மறுபக்கத்து வாயில் நுண்ணிய பிசிறு தட்டுப்படும். உடனே மறுபக்கத்தையும் அவ்வாறே தேய்த்து, பிசிறு போகப் பழைய தோல் வாரில் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. கல் இல்லாத வீட்டில் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து, அதன் அடியில் மெருகு பூசாத வளையத்தில் தீட்டலாம்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பதும் நல்லதே. ஆனால் பொறி பறக்கிறதே என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. அலகு சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும். அடிக்கடி தண்ணீரில் தோய்க்கச் சொல்லவேண்டும். கத்தியை அடுப்பில் காட்டுவதும், கல் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து நறுக்குவதும் அதற்குச் செய்யும் துரோகங்கள். மரப்பலகையே உத்தமம்.

எஃகு நமக்குப் புதிதல்ல. சென்னிமலைக்கு அருகே கொடுமணலில் பழங்கால இரும்பு உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. 'வூட்ஸ்' என்று ஐரோப்பியர் வியந்த இந்திய உருக்கை ஆராய்ந்த மைக்கேல் பாரடே ஒரு கொல்லரின் புதல்வர். கத்தி செய்யும் ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து எஃகுக் கலவைகளைப் பற்றி 1820-ல் அவர் கட்டுரை வெளியிட்டார். உலகம் பாடம் கேட்ட அந்தத் தொழில் இன்று நம் கிராமத்துப் பட்டறைகளில் அணையும் கங்காக இருக்கிறது.

நமக்குத் தெரிந்த கொல்லர் ஒருவர் சொன்னார்: "கதிரறுக்கும் மிஷின் வந்த பிறகு கருக்கரிவாள் கேட்டு வருகிறவர் அருகிவிட்டார்கள், ஸார். காய் நறுக்குகிற சாமானாவது என்னிடம் வரட்டுமே!" இது பிச்சையல்ல, நியாயமான விண்ணப்பம். காந்தியடிகள் 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தி வந்த ஜே. ஸி. குமரப்பா, 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். அந்த ஊர்க்காரர்களாகிய நாம் ஒரு கத்தியையாவது பக்கத்துப் பட்டறையில் சொல்லி அடிக்கலாம். கைக்கேற்ற பிடி கிடைக்கும். மழுங்கினால் தீட்டித் தர ஆளும் கிடைக்கும்.

சரஸ்வதி பூஜையன்று கத்திக்கும் அரிவாள்மணைக்கும் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். அதற்கு முதல் நாளே அவற்றைத் தீட்டித் துடைத்து, துளி எண்ணெய் தடவி வைப்போமானால், பூஜை பாதி முடிந்தமாதிரிதான்.